ஆள் பெயர் இல்லாத ஜெபம்

1

எங்கள் தமிழ் ஐக்கியத்துக்கு இந்த மாதம் ஆண்டு விழா. யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் வந்தது மொய்ராவின் பெயர். மொய்ரா கிறிஸ்தவரா என்றுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் வாடகைக்கு எடுக்கும் சமுதாயக் கூடத்தின் சாவி அவரிடம் இருக்கிறது. எங்களுக்கு, தாளைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து படிக்கும் ஆராதனை முறைமையைத் தந்தது எந்தப் பேராயரும் அல்ல, அந்தச் சாவிக்கார அம்மாள்தான்.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மீனும் மழையும் மலிந்த ஒரு சிறு நகரம். பெயரைச் சொன்னால் நீங்கள் வரைபடத்தில் தேடி, "இவ்வளவுதானா?" என்பீர்கள். அதனால் சொல்லமாட்டேன். இங்கே யாராவது என் சொந்த ஊரைக் கேட்டால் சேலம் என்பேன். கேட்பவரும் சேலத்துக்காரராக இருந்துவிட்டால், அங்கே வசதியானவர்கள் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் என்பேன். அதற்கு மேலும் துருவினால்தான் உண்மை வெளியே வரும்: நாமக்கல் பக்கம், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும் ஒரு ஊர். ஞாயிறு காலையில் எங்கள் சபையின் கோயில் மணியும் பட்டறைச் சுத்தியலும் போட்டிபோடும். பெரும்பாலும் சுத்தியல் ஜெயிக்கும்.

ஐக்கியம் என்பது பதினைந்து குடும்பங்கள். எல்லாரும் சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஆட்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் கூடுவோம். போதகர் கிடையாது. யாருக்கு வாய் இருக்கிறதோ அவர் போதகர். அதில்தான் வினையே.

2

கண்ணை மூடிக்கொண்டு, மனதில் வந்ததை வந்தபடி ஜெபிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஐக்கியத்தில் அப்படி ஜெபித்தவர்களின் மனதில் கடவுளைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரே அதிகம் வந்தார். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் கடவுளிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம். கேட்பவர் பதில் சொல்ல முடியாது. நடுவில் குறுக்கிட்டால் அது பாவம்.

ஒருமுறை என் மனைவி எஸ்தர் கொண்டுபோன ரசம் கொஞ்சம் நீர்த்துவிட்டது. அன்றைய முடிவு ஜெபத்தில் ஒரு அக்கா, "எங்கள் சகோதரிகளின் கைகளை ஆசீர்வதியும், உப்பும் புளியும் அளவோடு விழக் கிருபை தாரும்" என்றார். இன்னொரு மாதம், "அடுத்தவன் இடத்தில் காரை நிறுத்துகிறவர்களின் மனக்கண்ணைத் திறந்தருளும்" என்று ஒரு விண்ணப்பம் ஏறெடுக்கப்பட்டது. அன்று நான் காரை நிறுத்திய இடம் பற்றி இங்கே விவரிக்க விரும்பவில்லை.

அதிலிருந்து ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்வேன். அது பாவம் என்றால் நான் பாவிதான். ஆனால் விவரம் தெரிந்த பாவி.

இந்தக் கலையில் வல்லவர் தங்கராசண்ணன். திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்து வடநாடெல்லாம் துளை போட்டவர். வயதான பிறகு மகனோடு இங்கே வந்து தங்கிவிட்டார். இந்தக் கரையில் ரிக் என்றால் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடை. "எனக்கு ரெண்டு ரிக் இருந்துச்சு" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிவைக்க, அவர் தெருவில் உள்ள வெள்ளைக்காரர்கள் அவரைப் பெரிய எண்ணெய் முதலாளி என்று நம்பி இன்றுவரை எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார்கள். அவரும் மறுத்ததில்லை. கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் ஜெபித்தால் ஜன்னல் கண்ணாடி ஆமென் சொல்லும்.

போன வருடம் என் மகள் ரூத் பார்மசி படிப்பைப் பாதியில் விட்டாள். விட்டுவிட்டு நகரப் பேருந்து ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தாள். பஸ் ஓட்டவா கடன் வாங்கி விமானம் ஏறி வந்தோம், அதற்கு ஊரிலேயே இருந்திருந்தால் என் சித்தப்பாவே கற்றுக்கொடுத்திருப்பாரே என்று நான் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஐக்கியத்துக்குச் செய்தி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அது தானாகப் போய்ச் சேரும்.

அடுத்த கூடுகையில் தங்கராசண்ணன் எழுந்தார். "சாமி, இங்கொரு புள்ளை ரோடு மாறிப் போயிருச்சுங்க. அந்தப் புள்ளையோட ஸ்டேரிங்க நீரே புடியுங்க சாமி. ரிவர்ஸ் எடுக்க வெச்சு, உட்ட படிப்புலயே கொண்டாந்து நிறுத்துங்க." கடவுளுக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், மரியாதையில் குறை வைக்கமாட்டார். என் திறந்த கண்ணுக்குத் தெரிந்தது, மூடியிருந்த அத்தனை முகங்களும் ரூத்தின் பக்கம் சற்றே திரும்பியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதில் எங்கள் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

ரூத் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாருமா கண்ண மூடிட்டு ஒரு ஆளப் பத்திப் பேசறதுக்குப் பேருதான் ஜெபமாப்பா?"

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வீட்டில் என்னோடு பேசுவதும் "ஓகே"யாகச் சுருங்கியது. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு இல்லை. இந்தப் பதினைந்து வீடுகளைத் தவிர இங்கே அவளுக்குச் சித்தியோ மாமாவோ கிடையாது. அவள் தமிழ் பேசுவதே இவர்களோடுதான். அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்துபோனால், பிறகு எந்த வழியாகத் திரும்பி வருவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

3

இந்தச் சமயத்தில்தான் மொய்ரா கூப்பிட்டார். புகார்கள் வந்திருந்தன. எங்கள் ஜெபம் நீண்டுபோக, அடுத்து வரவேண்டிய யோகா வகுப்பினர் சுருட்டிய பாயோடு மழையில் நின்றிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் அழுகைச் சத்தம் கேட்டு, உள்ளே யாருக்காவது உதவி தேவையா என்று விசாரித்திருக்கிறார்.

"உள்ளே என்னதான் நடக்கிறது?" என்றார் மொய்ரா.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஃப்ரீ பிரேயர்" என்றேன். கட்டணம் வாங்குவதில்லை என்று குறித்துக்கொண்டார்.

பிறகு சொன்னார்: இனிமேல் என்னென்ன நடக்கும், எதற்குப் பின் எது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி கிடையாது.

பெரியவர்கள் கூடிப் பேசினோம். "முறைமை வெச்சு நடத்திடலாம். ஊருல கோயில்ல படிப்போமே, அதே மாதிரி. எல்லாம் அச்சுல இருக்கும், நேரத்துக்கு முடியும்" என்று நான் நல்ல பிள்ளைபோல் சொன்னேன். அப்போது வழிபாட்டின் மேன்மை பற்றி எனக்கு எந்தக் கருத்தும் கிடையாது. தங்கராசண்ணன் வாய்க்கு ஒரு மூடி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். சரியான சந்தேகம்.

"பேப்பரப் பாத்து ஜெபம் பண்றதுக்கு பரிசுத்த ஆவியானவரு எதுக்குங்க தம்பி? பிரிண்டரே போதுமுங்களே."

"அண்ணா, நீங்க பேப்பர் இல்லாமயா பண்றீங்க? 'இம்மட்டும் நடத்தின தேவனே'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அப்புறம் மழை, அப்புறம் டீசல் வெலை, அப்புறம் ஆளுங்க. எனக்கே மனப்பாடம்."

"அது உள்ளருந்து வாரதுங்க."

"மாசாமாசம் அதே வரிசைல வாரதே, உள்ள ஒரு பேப்பர் இருக்குமோ என்னமோ."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "செரி, அடிச்சுக் கொண்டாங்க, பாக்கலாம். ஆவி அணைஞ்சுதுன்னா உங்க தலைமேலதான் தம்பி."

4

ஊரில் இருந்தபோது எனக்கும் அந்த முறைமைமேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. வாய் பாவ அறிக்கை சொல்லிக்கொண்டிருக்கும். மனம் பஸ் ஸ்டாண்டு புரோட்டாக் கடையில் இருக்கும். எங்கே எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று முழங்காலுக்கே தெரியும். இது பக்தியா டிரில்லா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

இப்போது நினைத்துப்பார்த்தால் வேறு சில காட்சிகள் வருகின்றன. எங்கள் சபையில் இரண்டு குடும்பத்துக்குப் பொதுச் சுவர் விஷயமாகத் தீராத வழக்கு. கோயிலில் ஒருவர் இடப்பக்கம் உட்காருவார், ஒருவர் வலப்பக்கம். ஆனால் பாவ அறிக்கை வந்ததும் இருவரும் ஒரே மூச்சில் "நாங்கள்" என்றுதான் தொடங்க வேண்டும். "அவன்" என்று சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை. அதனால் அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பாதீர்கள். வழக்கு இன்னும் நாமக்கல் கோர்ட்டில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, அந்த ஒரு நிமிடம் மட்டும் சுவர் இல்லாமல் நின்றார்கள். அது போதுமா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர்ப் போதகர் ஜேடர்பாளையம் பக்கம் இன்னொரு சபையில் ஆராதனையை முடித்துவிட்டு மொபெட்டில் வந்து சேர்வார். அவர் அவசரத்தில் பிரசங்கம் சுருங்கும், அறிவிப்பு சுருங்கும். முறைமை மட்டும் சுருங்காது. அதில் கைவைக்க அவருக்கே அதிகாரமில்லை. அவர் கோபமாக வந்தாலும் எங்களிடம் சொல்ல வேண்டியது "கர்த்தர் உங்களோடிருப்பாராக" என்பதுதான். எங்களுக்கு அவரைப் பிடிக்காவிட்டாலும் பதில் ஒன்றுதான். சொந்தச் சரக்கு யாருக்கும் கிடையாது. யாருடைய சாமர்த்தியமும் அங்கே செல்லாது. சந்தேகப் பிராணியான எனக்கு இது பெரிய ஆறுதல் என்பதைக் கண்டுபிடிக்க நான் கடல் கடக்க வேண்டியிருந்தது.

ஊரிலிருக்கும் பெரியப்பா மகனிடம் கேட்டேன். எங்கள் சபையார் தங்கள் வசதிக்குக் கூட்டிக்குறைத்து நகலெடுத்து வைத்திருந்த தாளை வாட்ஸப்பில் அனுப்பினான். அப்படியே எடுத்து அச்சிட்டேன். படித்துப் பார்க்கவில்லை. சிறுவயது முழுக்கச் சொன்ன ஜெபத்தை எவனாவது படித்துப் பார்ப்பானா? எல்லாரையும் சந்தேகப்படும் நான் அந்தத் தாளை மட்டும் சந்தேகப்படவில்லை.

அதை ரூத்தின் முன்னால் வைத்தேன்.

"இதுல இருக்கறத மட்டும்தான் படிப்போம். ஒருத்தரும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல முடியாது. உன் பேர் இதுல இல்ல."

"பேர் சொல்லாமயே சொல்வாங்களேப்பா."

"சொல்ல முடியாதும்மா. எல்லாம் அச்சு. என் கேரண்டி."

வாஷிங் மெஷினை நானே சரிசெய்கிறேன் என்று சொன்ன நாளில் பார்த்த அதே பார்வையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "எனக்கு நம்பிக்கை இல்லாத வரிய நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லாத. சும்மா உக்காரு. பக்கத்துல இருக்கறவங்க உனக்கும் சேத்துச் சொல்வாங்க. இன்னொரு நாளைக்கு அவங்களுக்கு முடியாதப்போ நீ சொல்லு."

இது என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே ஆச்சரியம். அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். "ஓகே" என்றாள். இந்த ஓகே கொஞ்சம் நீளமாக இருந்தது.

5

அந்த ஞாயிறு நான்தான் நடத்தினேன். ரூத் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அந்த வாரம்தான் அவள் தனியாக ஓட்ட ஒரு பேருந்துத் தடம் கொடுத்திருந்தார்கள். அதுவும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தங்கராசண்ணன் தாளை முன்னும் பின்னும் திருப்பி, வண்டி வாங்குகிறவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தோம்" என்னும் பாவ அறிக்கையில் "சொல்லாலும்" என்ற இடத்தில் எல்லாரும் இயல்பாகக் கடந்துபோக, அவர் மட்டும் லேசாகத் தொண்டையைச் செருமினார். அது என்னைக் குறித்தா, அவரையே குறித்தா? அச்சடித்த தாளிலும் மனிதன் இருமலால் குறிவைக்க முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அடுத்து, "சற்று நேரம் மௌனம்" என்றிருந்தது. தாளிலேயே ஆபத்தான வரி அதுதான். யார் யாரைப் பற்றி உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று யார் கண்டது? மௌனத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டேன்.

பொது விண்ணப்பங்கள் தொடங்கின. ஆளுகிறவர்கள், நோயாளிகள், விதவைகள். ஒவ்வொன்றுக்கும் சபை "காத்தருளும் ஆண்டவரே" என்றது. அடுத்த வரிக்குக் கண் போனது.

"தூரத்துச் சாலைகளில் வண்டி ஓட்டும் எங்கள் பிள்ளைகள் கண் அயராமலும், அவர்களால் ஓர் உயிரும் சேதப்படாமலும், நல்லபடியாக வீடு வந்து சேர."

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. எங்கள் சபையார் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்கு ஒருவர் லாரியிலோ ரிக்கிலோ வடக்கே போயிருக்கும் ஊர் அது. நான் சிறுவனாக இருந்தபோது இந்த வரி வந்தால் பெண்கள் பக்கத்துப் பதில் மட்டும் சட்டென்று உயரும். நாக்பூரிலோ குவாலியரிலோ இருக்கும் புருஷனை, மகனை, ஒருத்தியும் பெயர் சொல்லமாட்டாள். ஒருத்திக்கும் பெயர் இல்லாமலும் இருக்காது. அன்றைக்கு எனக்கு அது வெறும் சத்தம்.

தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். எல்லார் கையிலும் தாள் இருந்தது. அச்சுக்கு இந்தக் குணம் உண்டு, நடத்துகிறவனும் ஏமாற்ற முடியாது. ரூத் எனக்கு முன்னாலேயே அந்த வரியைப் படித்துவிட்டிருந்தாள். தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வலது கை கோட்டுப் பொத்தானில் இருந்தது.

படித்தேன். வழக்கத்தைவிட வேகமாகப் படித்ததாக எஸ்தர் பிறகு சொன்னாள். யோகா வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"காத்தருளும் ஆண்டவரே!"

கூடம் அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு நிச்சயம் கேட்டிருக்கும். நான் ஒரு கண்ணால் துழாவினேன். ஒருவரும் ரூத்தின் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொருவரும் வேறு எங்கோ, வேறு யாரிடமோ இருந்தார்கள். ரசத்தில் உப்புப் பார்த்த அக்கா கைக்குட்டையைத் தேடினார். இத்தனை வருடம் பேராசிரியர் வீடு, டாக்டர் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் லாரி வீடு என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துபோயிற்று. எல்லாருக்கும் மேலே தங்கராசண்ணனின் குரல். கண்ணை உண்மையாகவே இறுக்கி மூடியிருந்தார். அவர் தம்பி மகன் இப்போதும் ராஜஸ்தானில் ரிக் ஓட்டுகிறான்.

திருந்த வேண்டிய பிள்ளைக்காகப் போன மாதங்களில் ஜெபித்த அதே ஆட்கள், அன்று வேலைக்குப் போன பிள்ளைக்காக ஜெபித்தார்கள். பிள்ளை ஒன்றுதான். நாங்கள் யாரும் யோசித்து மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் எப்போதோ எழுதிவைத்த ஒரு வரி எங்களைப் பிடித்து அந்தப் பக்கம் நிறுத்தியது. நல்ல எண்ணம் வரட்டும் என்று காத்திருந்தால் எங்களுக்கு அது வந்திருக்காது.

ரூத் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த விண்ணப்பத்தின் பதிலுக்கு அவள் உதடு அசைந்தது. சூயிங்கம்மாகவும் இருக்கலாம்.

6

டீ நேரத்தில் தங்கராசண்ணன் கப்போடு நேராக ரூத்திடம் போனார். நான் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு, வடை கொடுப்பவன்போல் பின்னால் போய் நின்றேன்.

"சாமி, உன்ற வண்டி எத்தன கியரு கண்ணு?" எங்கள் பக்கத்தில் செல்லமாகக் கூப்பிடும் பிள்ளையும் சாமிதான்.

"கியரே இல்ல அங்கிள். எலக்ட்ரிக்."

"கியரே இல்லியா! அப்பறம் எதப் புடிச்சு ஓட்டறது?"

"ஸ்டியரிங்கத்தான். நீங்ககூட அத ஆண்டவர் கையில குடுக்கச் சொன்னீங்களே அங்கிள். லைசென்ஸ் எனக்குத்தான் குடுத்திருக்காங்க."

நான் வடைத் தட்டை இருவருக்கும் நடுவில் நீட்டினேன். அவர் டீயை ஊதினார். ஒருமுறை, இன்னொருமுறை. "அதுஞ் செரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஜெபமாகவும் சொல்லவில்லை.

கூட்டம் நேரத்துக்கு முடிந்ததில் மொய்ரா மகிழ்ந்தார். முறைமை தொடர வேண்டுமா என்பதில் ஐக்கியத்தில் இன்னும் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் கட்சியை நானே முழுதாக நம்பவில்லை. மனப்பாடமான வரி மறுபடி வெறும் சத்தமாகிப் போக எத்தனை மாதம் ஆகும்? எனக்கு ஒரு பால்யம் முழுக்க ஆயிற்று.

புதன்கிழமை ரூத் சீருடையோடு வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"அப்பா, தங்கராசு அங்கிள் இன்னிக்கு என் பஸ்ல ஏறினாரு."

"எங்க போறாராம்?"

"எங்கயும் இல்ல. கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்தாரு. எறங்காம அதே பஸ்ல திரும்ப வந்தாரு."

"ஏதாவது சொன்னாரா?"

"ஓட்டறவங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கே. பேசல."

"கண்ண மூடியிருந்தாரா?"

"ஆமா. கண்ணாடில பாத்தேன்."

"வாய் அசஞ்சுதா?"

"அப்பா!" என்றாள். எஸ்தர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். ரூத் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எறங்கறப்போ மட்டும் ஒண்ணு சொன்னாரு. 'அலுங்காமப் பிரேக்கு புடிக்கற சாமி. நின்னுட்டு வந்தவங்க ஒருத்தருங்கூட ஆடுல'ன்னாரு."

அவள் ரசம் ஊற்றிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம மத்தியான ஷிஃப்ட மாத்திக் கேட்டிருக்கேன்" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்வாள். அதையும் நான் சந்தேகப்படுவேன்.